புற்றரைகளிற் களைகளை அடக்கலும் அறுகை மீள வளர்த்தலும்

உலர்வலயத்துக் கிராமங்களிற் பள்ளிக்கூட மைதானம், கோயில் வெளிவீதி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பெரும்பாலும் அறுகம்புல்லே மூடியிருக்கும். இத்தரைகள் பாழ்பட்டுக் களைகள் மலியுமாயின், வரும் கேடு அவ்விடத்தோடு நில்லாது. களைவிதைகள் காற்றாலும் வெள்ளத்தாலும் கால்நடைகளாலும் அயலிலுள்ள வயல்களையும் தோட்டங்களையும் சென்றடையும். ஆகவே பொதுத்தரையைப் பேணுவது கமக்காரருக்கும் உரிய கடமையாகும்.

களை பெருகுவதன் காரணம்

அறுகு வெயிலை விரும்புவது. அது செழித்த இடத்திற் களைவிதை முளைக்க வெளிச்சம் கிடைப்பதரிது. மரநிழல், மிதிபட்டு இறுகிய மண், அளவு மீறிய மேய்ச்சல், பசளையின்மை ஆகியவற்றால் அறுகு நலிந்தபின்னரே களைகள் இடம் பிடிக்கின்றன. களையைப் பிடுங்கி வெறுந்தரையை விட்டுவைத்தால், அடுத்த மழையில் மீண்டும் களையே முளைக்கும். ஆதலால் களை நீக்கலும் புல் வளர்த்தலும் ஒருங்கே நடைபெறல் வேண்டும்.

முக்கிய களைகள்

பார்த்தீனியம்: இலங்கையில் 1999 ஆம் ஆண்டில் வவுனியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திற் பூக்கத் தொடங்கும். ஒரு செடியே 10,000க்கு மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. தோலரிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்குமாதலால், கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மண் ஈரமாயிருக்கும்போது பூக்குமுன் வேருடன் பிடுங்குதல் வேண்டும்.

கோரை: நிலத்தின்கீழ் கிழங்குகள் சங்கிலிபோற் தொடர்ந்திருக்கும். ஈரமண்ணை ஒருமுறை கொத்திவிட்டால் அச்சங்கிலி அறுந்து, துண்டுதோறும் புதுச்செடி எழும். ஆவணி, புரட்டாதி வரட்சியிற் பலமுறை கிளறிக் கிழங்குகளை வெயிலிற் காயவிடுதலே நன்று.

தொட்டாற்சுருங்கி: வேர்முடிச்சுக்களால் நைதரசனைப் பெறுவதால் வளங்குன்றிய மண்ணிலும் தழைக்கும். வேருடன் தோண்டி அகற்றியபின் புல்லுக்குப் பசளையிடுதல் வேண்டும்.

களைகொல்லிகளுட் சில அறுகையும் சேர்த்து அழித்துவிடும். எனவே விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையின்றி அவற்றைத் தெளித்தலாகாது.

அறுகை மீள வளர்த்தல்

மாரிமழை தொடங்கும் ஐப்பசி மாதமே ஏற்ற காலம். வெறுமையான இடங்களை 4 அங்குல ஆழத்திற்குக் கொத்தி, நன்கு உக்கிய சாணப் பசளையைக் கலத்தல் வேண்டும். உக்காத சாணத்திற் களைவிதைகள் உயிருடனிருக்கும். இரண்டு அல்லது மூன்று கணுக்களுள்ள கொடித்துண்டுகளை 9 அங்குல இடைவெளியில், நுனி வெளியே தெரியுமாறு நட்டு, மண்ணை மிதித்து இறுக்குக. மழையில்லா நாட்களில் நீர் ஊற்றுக. புல் வேரூன்றித் தரையை மூடும்வரை கால்நடைகளை விடுதலாகாது. பின்னர் புல்லை 2 அங்குல உயரத்தில் அடிக்கடி வெட்டுதல் நன்று. ஒரே முறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டினாற் புல் நலியும்.

எல்லை காத்தல்

மைதானத்தில் நன்மை தரும் அறுகு, மிளகாய், வெங்காயப் பாத்திகளிற் புகுந்தால் அதுவே கொடிய களையாகும். தரைக்கும் தோட்டத்திற்கும் இடையே ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள வாய்க்காலை வெட்டி, அதனைத் தாண்டும் கொடிகளைத் தவறாது அறுத்தல் வேண்டும். அறுத்த கொடிகளை வரம்பில் எறியாது உலர்த்தி எரித்துவிடுக. கணு ஒன்று எஞ்சினும் அது மீண்டும் வேர்விடும்.

ஊரார் ஒன்றுகூடிப் பார்த்தீனியம் பூக்குமுன் ஒரு நாள் உழைத்தால், அவ்வாண்டு தத்தம் தோட்டங்களிற் களை பிடுங்கும் கூலியிற் பெரும்பகுதி மிஞ்சும்.