காட்சி தாவினும் பாட்டு ஏன் அறுபடுவதில்லை?

பாகூர் ஏரிக்கரையில் ஒரு வரியைப் பாடத் தொடங்கிய பாடகர், அதே வரியின் பிற்பாதியை மூச்சுவிடும் அவகாசமுமின்றி வில்லியனூர்த் தேரடியில் பாடி முடிப்பதாகப் பாட்டுக் காணொளி ஒன்றில் காட்டினால், உங்கள் மனம் ஏன் திடுக்கிடுவதில்லை?

முதலில் பாட்டைப் பதிவு செய்து, அதைப் படப்பிடிப்பு ஸ்தலத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரை அதற்கேற்ப உதடசைக்கச் செய்து, கேமராவை இடம் மாற்றித் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறார்கள். வெவ்வேறு தோட்டத்துப் பூக்களை ஒரே வாழைநாரில் தொடுப்பதுபோல, எடிட்டர் அத்துண்டுகளை அறுபடாத அந்தப் பாட்டில் கோக்கிறார்.

செவிக்குத் தொடர்ச்சி கிடைத்துவிடுவதால் கண் ஸ்தலபேதத்தைப் பொருட்படுத்துவதில்லை. மேலும், பார்வை ஓரிடம் விட்டு மற்றோரிடம் தாவும் க்ஷணத்தில் மூளை காட்சியைச் சற்றே மங்கச் செய்வது இயற்கையாதலால், கைவீச்சின் நடுவிலோ தாளம் விழும் தருணத்திலோ வெட்டினால், அது பெரும்பாலும் புலப்படுவதேயில்லை.

வெட்டின் வேலை இது; படச்சட்டத்தின் வேலை வேறு. பாடகர்கள் தீ, அறிவு இருவரும் பாடி 2021-இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ காணொளியில், கேமரா முகத்தை நெருங்கும்போது பாடுவோரின் பாவமும், விலகும்போது அவர்களைச் சூழ்ந்த மண்ணும் மக்களும் சட்டத்தை நிறைக்கின்றன; உழைப்போரைப் பற்றிய பாட்டுக்கு அவ்விலகலே உத்தமமான மரியாதை என்பேன்.

ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மறைந்திருந்த வெட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பிரத்தியட்சமாகும்.