பால்கனியில் செயற்கைப் புல் போடப் போறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி இந்த 2 டெஸ்ட் கட்டாயம்!

போட்டோவில் பார்க்க பச்சைப்பசேல்னு இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம். அபார்ட்மெண்ட் பால்கனிகளில் செயற்கைப் புல் விரிப்பவர்கள் அதிகமாகி வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது தாங்குமா?

செயற்கைப் புல் என்பது பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைதான். உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக்கி தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. நேரடி வெயில் விழுந்தால் இதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் வெறுங்காலோடு ஒரு குழந்தை தவழ்ந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி ஏறிவிடும்.

அதனால் கடையில் முதலில் விலையைக் கேட்காதீங்க, ஒரு சாம்பிள் துண்டு கேளுங்க. அதை மதியம் 1 மணிக்கு உங்கள் பால்கனியில் அரை மணி நேரம் போட்டு வையுங்க. பிறகு உள்ளங்கையை வைத்துப் பாருங்க. கையை எடுக்கத் தோன்றினால், அந்த இடத்துக்கு நிழல்வலை கட்டாமல் புல் போடுவது வீண் செலவு. காலையில் மட்டும் வெயில் வரும் கிழக்குப் பக்க பால்கனி என்றால் பெரிய கவலை இல்லை.

இரண்டாவது டெஸ்ட் தண்ணீர். சாம்பிள் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்க. அடிப்பக்கம் இருக்கும் ஓட்டைகள் வழியாக மளமளன்னு இறங்க வேண்டும். தேங்கி நின்றால் அந்த ரகம் வேண்டாம். அப்படியே துண்டை மடித்தும் பாருங்க. இழைகளுக்கு நடுவே அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெருக்கம் குறைவு, சீக்கிரம் படுத்துவிடும். பால்கனிக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரம் போதும். அதைவிட நீளமான இழையில் தூசிதான் சேரும்.

அளவில்தான் காசு போகும்

ரோல் பெரும்பாலும் 2 மீட்டர், அதாவது சுமார் 6.5 அடி அகலத்தில் வரும். உங்கள் பால்கனி 5 அடிக்கு 12 அடி என்றால் தேவை 60 சதுர அடி. ஆனால் ரோலில் 12 அடி வெட்டினால் 78 சதுர அடிக்கு பில் வரும். மிச்சம் 18 சதுர அடிக்கும் நீங்கதான் காசு கட்டணும். அதை முதலிலேயே கேட்டுக்குங்க.

எப்படிப் போடுவது?

போடுறதுக்கு முன்னாடி தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியா இருக்கான்னு பாருங்க. தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடாமல் தேங்கினால், மேலே புல் போட்டு மறைப்பது ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் அடியில் ஈரம் நிற்கும், நாற்றம் வரும், கொசுவும் சேரும். தண்ணீர் போகும் ஜாலியை மூடாமல் அந்த அளவுக்கு வெட்டி விடுங்க.

ரோலைப் பிரித்ததும் வெட்டாதீங்க. சில மணி நேரம் விரித்து வைத்தால் சுருக்கம் போகும். பிறகு பின்பக்கம் திருப்பி கட்டர் பிளேடால் வெட்டுங்க. இரண்டு துண்டு சேர்ப்பதாக இருந்தால் இழை சாயும் திசை ஒன்றாக இருக்கணும். இல்லைன்னா இரண்டு கலர் மாதிரி தெரியும்.

வீட்டு முற்றத்தில் மண் தரை என்றால் வேலை வேறு. மேல்மண்ணை எடுத்து, ஜல்லி பரப்பி, எம்-சாண்ட் போட்டு அழுத்திய பிறகுதான் விரிக்க வேண்டும். இதற்கு ஆள் வைப்பதே நல்லது.

நாய் வளர்க்கிறவர்கள் அன்றன்றைக்கே கழுவிவிட வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கை இதன் மேல் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் என்பதால் உருகும், தீயும் பிடிக்கலாம்.

வாடகை வீடா? பசை போட்டு ஒட்ட விடாதீங்க. காலி செய்யும்போது டைல்ஸில் ஒட்டிய பசையைச் சுரண்டும் செலவு உங்கள் அட்வான்ஸில்தான் கழியும். ஓரங்களில் மட்டும் டபுள் சைடு டேப் ஒட்டி, மூலைக்கு ஒரு பூந்தொட்டி வைத்தால் போதும்.