அரங்கில் மாயப் பொருள்

கணினி புனையும் ஒளியுருவங்களோடு நடிகர் ஊடாடும் அரங்கு இக்காலத்துப் புதுமையாகும். 2016 இல் இங்கிலாந்தின் ரோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தை மேடையேற்றியபோது, ஏரியல் என்னும் ஆவியாக நடித்தவரின் உடையிற் பொருத்திய உணர்கருவிகள் அவர் அசைவைக் கணினிக்கு அறிவித்தன. ஒளியுருவம் அவ்வண்ணமே அசைந்தது.

ஆயினும் ஒளிக்குப் பாரமில்லை. கைக்கு அது தட்டுப்படுவதுமில்லை. ஒளிக்குடத்தை எடுப்பவர் முதுகு வளையாதாயின், குடம் பொய்யாகிவிடும். எனவே பொருளின் இடம், அளவு, பாரம் என்னும் மூன்றையும் நடிகர் தம் உடலாலும் நோக்காலுமே நிறுவுதல் வேண்டும்.

இவ்வித்தை நமக்குப் புதிதன்று. 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ நாடகத்தாற் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்த கூத்து மரபில், தேரின்றியே தேரோட்டம் தாளத்தாலும் ஆட்டத்தாலும் புலப்படும். ஆதலின் அச்சுவேலி மாணவர் கூத்துப் பயிற்சியைப் பழைமையென்று ஒதுக்கற்க. நாளைய அரங்குக்கும் அதுவே அடிப்படை.