மாமனாரின் புல்லட்டும் புதுப்பேட்டைச் சாமான்களும்

பழைய சாமான் என்றால் நமக்கு வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டிலே பழைய சாமான் என்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். என் மாமனார் 1969-ல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட், 350 சி.சி. அதை மறுபடியும் ஓட வைக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. "பெண்கள் பத்திரிகையில் மோட்டார் சைக்கிளா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள் சகோதரிகளே! சாமான் தேடி அலைந்ததில் பாதி நான்தான். தட்டிப் பார்த்து, எடை பார்த்து, பேரம் பேசி வாங்குவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் யார்?

வண்டி ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனாரும் மாமியாரும் கோட்டூர்புரத்தில் இருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. வண்டி இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. அதற்கப்புறம் அது கிளம்பவே இல்லை. மாமியார் காலமானதும் மாமனார் மயிலாப்பூருக்கு எங்களோடு வந்துவிட்டார். தார்ப்பாய் போர்த்திய வண்டியும் டெம்போவில் பின்னாலேயே வந்து எங்கள் வீட்டுச் சந்தில் நின்றது.

மாமனாருக்குப் பார்க்கின்சன்ஸ். கை நடுக்கம் இருந்தது. அதைவிடப் பேச்சு குறைந்துவிட்டது. மாமியார் போனபிறகு "சரி", "வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தையிலேயே நாள் ஓடும். அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, ஓடாத வண்டிக்கே எண்பதாயிரம் தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர், "குடுத்துடலாம். அப்பாவால இனிமே ஓட்டவா முடியும்?" என்றார். மாமனார் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "வாங்கறவன் ஓட்ட மாட்டான். பிரிச்சுப் பிரிச்சு வித்துடுவான்" என்றார். பல மாதத்துக்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். சமையலறை அலமாரிக்காக நான் சேர்த்துவந்த சீட்டுப் பணம் அறுபதாயிரம் இருந்தது. அலமாரி காத்திருக்கட்டும் என்று தீர்மானித்தேன்.

இந்த வண்டிக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால்தான் சாமான் கதை புரியும். புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக எண்ணூறு வண்டிகள் கேட்டது. அதையொட்டி 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் அங்கிருந்து வந்த சாமான்களைப் பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. இங்கிலாந்தில் 1970-ல் அந்தக் கம்பெனியே மூடிப்போயிற்று. நம் ஊர்க்காரர்கள் மட்டும் 2000-த்துக்குப் பிறகும் ஏறக்குறைய அதே எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. பிற்காலத்துப் பாகங்கள் பல பழைய வண்டிக்கும் பொருந்தும். அதனால் வண்டியை 'ஓட வைப்பது' சுலபம். ஆனால் பொருந்துவதையெல்லாம் பூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 1969-ம் வருஷத்து வண்டி எங்கே இருக்கும்? பெயர்ப் பலகைதான் மிஞ்சும்.

எங்களுக்குக் கிடைத்த மெக்கானிக் ராயப்பேட்டைக்காரர். அறுபத்தைந்து வயதுக்கு மேல். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன் என்றார். ஒரு கண்டிஷனும் போட்டார்: "பெரியவர் பக்கத்துல உக்காரணும்மா. இது எப்படி ஓடுச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்." சந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். கழற்றிய நட்டு, போல்ட்டுகளை முறுக்குத் தட்டுகளில் பரப்பி மாமனாரிடம் கொடுத்தார் பாய். எது எந்த இடத்தினது என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. பிசியோதெரபி சொல்லித்தந்த பெண், "விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்று முன்பே சொல்லியிருந்தாள். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் மறுத்த மனிதர், நட்டுகளை இரண்டு மணி நேரம் பொறுக்கினார்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்தால் போச்சு. பிளக் துவாரம் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தார் பாய். பதினோரு நாள் அசையவில்லை. தினமும் சாயந்திரம் மாமனார் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். பன்னிரண்டாம் நாள் ஒரு விரற்கடை இறங்கியது. "ஏம்மா, இங்க வா, வந்து பாரு!" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டம்மாளும் ஓடிவந்துவிட்டார்.

அந்தப் பதினோரு நாளுக்குள் பெரிய சோதனை ஒன்று வந்தது. புதுப்பேட்டைக் கடை ஒன்றில் முழு எஞ்சினே முப்பதாயிரத்துக்கு இருந்தது. பூட்டினால் மறுநாளே வண்டி ஓடும். என் வீட்டுக்காரருக்கு ஆசைதான். மாமனார் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினார். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில் எழுதியிருக்கின்றன. வேறு எஞ்சின் போட்டால் புத்தகம் ஒன்று, வண்டி ஒன்று. அதோடு, காகிதம் இல்லாத எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? திருட்டு வண்டியாக இருந்தால் வாங்கியவர் தலையிலும்தான் விடியும். பழைய எஞ்சின், பழைய சேசிஸ் வாங்குவோர் பில் இல்லாமல் தொடவே கூடாது. எங்கள் சிலிண்டரையே கடைந்து 20 தௌ பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் போட்டார் பாய்.

புதுப்பேட்டை போயிருக்கிறீர்களா? கூவத்தை ஒட்டிய தெருக்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடம். ஒரு கடையில் கதவுகளாகவே நிற்கும், இன்னொன்றில் விளக்குகளாகவே தொங்கும். தரையெல்லாம் எண்ணெய், நல்ல புடவை உடுத்திப் போகாதீர்கள். மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் புது உதிரிபாகக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே, "எதுக்குக்கா அலையறீங்க, புதுசா செட்டாவே தரேன்" என்பார்கள். அந்தச் செட்டில்தான் வினையே இருக்கிறது.

பழைய மட்கார்டு கனமான தகடு. விரலால் சுண்டினால் வெண்கலப் பாத்திரம்போல நாதம் கேட்கும். இப்போதைய நகல், தகர டப்பா சத்தம் போடும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே பரீட்சைதான். கார்புரேட்டரில் அமால் என்ற பெயர் உலோகத்தோடு வார்த்திருக்க வேண்டும், ஒட்டியிருக்கக் கூடாது. முகப்பு விளக்கில் லூகாஸ் பெயரைப் பாருங்கள். புகைப்படம், பழைய சாமான், ஒரு காந்தம், ஒரு சின்ன ஸ்கேல், இவை இல்லாமல் நான் கடைக்குப் போனதில்லை. முக்கியமான விஷயம் மரை. இந்த வண்டியின் போல்ட்டுகள் இங்கிலீஷ்காரன் காலத்து இஞ்ச் மரை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற மெட்ரிக் நட்டை அழுத்தித் திருகினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் மரையே போய்விடும். அதனால் எந்தப் பழைய போல்ட்டையும் காயலாங்கடைக்குப் போடாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்தோம்.

பாட்டில் என்றதும் தி. நகர் அம்மாள் ஞாபகம் வருகிறது. கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறிய லிவர் உண்டு. அதை மிதித்தால், முதல் கியரைத் தவிர எந்த கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். எங்கள் வண்டியில் அது ஒடிந்திருந்தது. கடைகளில் கிடைத்தது பிற்காலத்து வடிவம். நாலு மாதம் தேடினோம். ஒரு நாள் மாமனார், தம்மோடு ஆபீசில் வேலை பார்த்த ஒருவரிடமும் புல்லட் இருந்ததே என்றார். பாண்டி பஜாருக்குப் பின்னால் வீடு. அவர் இல்லை, அவர் மனைவி இருந்தார். வண்டியை எப்போதோ விற்றாயிற்று, ஆனால் உபரிச் சாமான்களைப் பரணில் நான்கு பாட்டில்களில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. மூன்றாவது பாட்டிலில் அந்த லிவர்! பணம் வாங்க மறுத்துவிட்டார். "வண்டி ஓடினா ஒரு தடவை இந்தத் தெரு வழியா வரச் சொல்லு, போதும்" என்றார். போன ஆவணியில் என் பிள்ளை போய்விட்டு வந்தான்.

இன்னொரு வேடிக்கை. கைப்பிடிப் பக்கத்துச் சிறு பாகம் ஒன்றை, அடையாறு இந்திரா நகரில் இருக்கும் என் தம்பி இங்கிலாந்திலிருந்து வரவழைத்தான். ஹிட்ச்காக்ஸ் என்று அங்கே என்ஃபீல்டு சாமானுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் செய்த வண்டிக்குக் கடல் கடந்து சாமான் வந்தது, சுங்கவரி வேறு!

எல்லாவற்றிலும் ஒரிஜினல் தேடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பழைய ஸ்டாக் டயர் வேண்டாம். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பெட்ரோல் குழாயும் புதிதாகவே இருக்கட்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஓட்டாமல் நிறுத்துவதானால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள். பிரேக் லைனர் கட்டாயம் புதியது, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. அந்தக் காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். பிரேக் டிரம்மை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

டீசலில் கை நனைத்துச் சாமான் கழுவினால் தோல் வெடிக்கும், கையுறை போடுங்கள். துருநீக்கி, டீசல் எதையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது இன்றும் நடக்கிறது. பித்தளைச் சாமானுக்குப் புளி சரி. ஆனால் கார்புரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை, புளிப்புப் பட்டால் கறுத்து அரித்துப்போகும். அதற்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்காக 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். முன்பே நம்பர் உள்ள வண்டிக்கு அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினப்படி ஓட்ட முடியாது. நாங்கள் அது வேண்டாம் என்று சாதாரணப் புதுப்பித்தலையே செய்துகொண்டோம். கபாலி கோவில் வரைக்குமாவது போக வேண்டாமா?

கிளப்புவது பலம் சம்பந்தப்பட்டதல்ல, முறை சம்பந்தப்பட்டது. நானே கிளப்புகிறேன். விளக்குக்கு மேலே ஒரு சிறிய முள் இருக்கிறது. கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் முள் ஆடி, ஓர் இடத்தில் நடுவுக்கு வரும். அங்கே டிகம்பிரஷன் லிவரைப் பிடித்து இன்னும் ஓர் அங்குலம் இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் வலிக்காரர்கள் கிட்டேயே போகாதீர்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் பிள்ளை முதல் வாரம் முழுக்க பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தான். நாற்காலியில் இருந்தபடி மாமனார் அவனைத் திட்டிய திட்டு இருக்கிறதே! நடுக்கம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை முன்போலத்தான் ஓடுகிறது. பேச்சு மட்டும் திரும்பியிருக்கிறது.

பாய் இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். சீட்டுப் பணம் போக இன்னும் இருபத்திரண்டாயிரம் ஆயிற்று. முகப்பு விளக்கின் இரு பக்கமும் சின்னதாக இரண்டு பைலட் விளக்குகள் உண்டு. அவற்றில் இடது பக்கத்து வளையம் ஒன்றுதான் இன்னும் கிடைக்கவில்லை. தற்சமயம் நகல் ஒன்று போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில், மாமனாரோ அப்பாவோ வைத்துப்போன பாட்டில், டப்பா ஏதாவது இருந்தால், கொஞ்சம் கொட்டிப் பாருங்களேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, உட்புறம் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். இருந்தால் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.