கொழுப்பைக் கரைக்கும் ஊசி: போட்டுக்கொள்ளுமுன் ஒரு வார்த்தை

புந்தோங்கில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் பேசிக்கொண்டிருந்தபோது, முன்னாள் தோட்டப் பாட்டாளியான ஓர் அம்மா நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பத்தோடு புந்தோங்கிற்கு வந்துவிட்டார்.

"ஐயா, என் மகளுக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. தாடைக்குக் கீழே கொஞ்சம் சதை தொங்குதுன்னு ஒரே கவலை. சாலோன்ல ஒரு ஊசி போட்டா கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும்னு சொல்றாங்களாம். ஒரு தடவைக்கு ஐந்நூறு வெள்ளி. ஆறு தடவை போடணுமாம். போடலாமுங்களா?"

ஐந்நூறு வெள்ளி வீதம் ஆறு தடவை என்றால் மூவாயிரம் வெள்ளி. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆகவே, ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு அந்த ஊசிக்குள் போகிறது. இது வெறும் அழகு விவகாரம், நமக்கு எதற்கு என்று விட்டுவிட முடியாது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பும் அல்லவா பணயம் வைக்கப்படுகிறது? ஆகவே அந்த அம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது?

நாம் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அந்த எண்ணெயைச் செரிக்க வைப்பது பித்தநீர். ஈரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்து குடலில் இறங்குகிறது. எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரம் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைப் பித்தநீர் குடலில் செய்கிறது. அந்தப் பித்தநீரில் உள்ள ஒரு பொருளின் பெயர் டிஆக்ஸிகோலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரித்து ஊசி மருந்தாக்கியிருக்கிறார்கள்.

இந்த மருந்தைத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் செலுத்தினால், கொழுப்பை அடைத்து வைத்திருக்கும் உயிரணுக்களின் சவ்வு கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே கசியும். அந்த இடம் வீங்கும். பிறகு பல வாரங்களில் உடம்பே அந்தக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும்.

இதற்கு முன்னால் சோயாவிலிருந்து எடுக்கும் பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற பொருளைத்தான் பலர் ஊசியாகப் போட்டு வந்தார்கள். அதைக் கரைப்பதற்காகக் கலந்த டிஆக்ஸிகோலேட்தான் கொழுப்பணுக்களை உடைக்கிறது என்று பின்னால் ஆய்வில் தெரிய வந்தது.

அப்படியானால் இது முழுப் பித்தலாட்டமா என்று கேட்பீர்கள். இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015ஆம் ஆண்டு இந்த அமிலத்தைக் கொண்ட ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் எதற்குக் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். தாடைக்குக் கீழே உள்ள கொழுப்புக்கு மட்டும். வயிற்றுக்கோ, கைக்கோ, தொடைக்கோ அல்ல. அளவும் கறாரானது. ஒரு குத்துக்கு 0.2 மில்லிலிட்டர், ஒரு தடவைக்கு அதிகம் போனால் 50 குத்து. மொத்தம் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி. அடுத்த தடவைக்குக் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு தடவைக்கு மேல் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு தடவைக்குக் குறைந்தது ஐந்து மாதம் ஆகும். "கல்யாணத்துக்குள்ளே முடிச்சிடலாம், இரண்டு மாசத்துல ஆறு ஊசி" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மருந்தின் விதியே தெரியாது என்றுதான் பொருள்.

எடை குறையுமா?

குறையாது. தாடைக்கடியில் விரல் நுனியளவு கொழுப்பைக் கரைக்கும் மருந்து, தராசு முள்ளை அசைக்காது. தொந்திக்கும் இது பரிகாரம் அல்ல. ஏனென்றால் நமக்குச் சர்க்கரை வியாதியையும் மாரடைப்பையும் கொண்டு வரும் கொழுப்பு தோலுக்கு அடியில் மட்டும் இல்லை. வயிற்றுக்குள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்திருக்கிறது. அங்கே இந்த ஊசி போகாது, போகவும் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். செமாக்லூடைட், லிராகுளூடைட் என்ற பெயரில் வரும் ஊசிகள் வேறு. அவை பசியை அடக்கி முழு உடம்பின் எடையைக் குறைப்பவை. டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் "கொழுப்பு ஊசி" என்று ஒரே பெயரில் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கை பழகாதவன் கத்தி

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அப்புறம் அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு மயிரிழை ஆழத்தில்தான் மண்டோரின் பாராட்டும் ஏச்சும் இருந்தது.

இந்த ஊசியும் அப்படித்தான். மருந்து தோலுக்கு மிக அருகில் விழுந்தால் தோல் வெந்தது போலாகிப் புண்ணாகும், அந்த இடம் கறுத்துச் செத்துப் போகவும் கூடும். இரத்தக் குழாயில் போய்விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். தாடை எலும்பின் ஓரமாக ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டை இழுத்துச் சிரிக்க வைப்பது அதுதான். அதில் பட்டால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும். அந்த அமெரிக்க மருந்தின் பரிசோதனையில், தேர்ந்த டாக்டர்கள் போட்டும்கூட, 100 பேரில் 4 பேருக்கு இப்படி நேர்ந்தது. அவர்களுக்கு நாளடைவில் சரியாகிவிட்டது என்றாலும், சிலருக்குப் பல மாதம் பிடித்தது. 100 பேரில் 2 பேருக்கு விழுங்குவதில் சிரமம் ஏற்பட்டது. வீக்கம், வலி, கன்றிப் போவது, மரத்துப் போவது, கட்டி போல் இறுகுவது ஆகியவை பலருக்கும் வருபவை.

படித்த கையில் இப்படியென்றால், படிக்காத கையில் எப்படியிருக்கும்?

அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரி நினைவிருக்கிறதா? டிரெசர் நம் கண் முன்னால் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துத்தான் போடுவார். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஹோட்டல் அறையிலும், வீட்டு முன்னறையிலும், கைப்பையிலிருந்து எடுக்கும் ஊசிக்கு முகத்தைக் காட்டுகிறார்கள். அசுத்தமான ஊசியாலும் மருந்தாலும் குழாய்த் தண்ணீரில் வாழும் ஒருவகைக் கிருமி உள்ளே போய்விடலாம். அது உடனே தெரியாது. சில வாரம் கழித்துச் சிவந்த கட்டிகள் கிளம்பும், சீழ் வைக்கும். பல மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். ஆறினாலும் தழும்பு நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரத்தில், உரிமம் இல்லாத ஒருவரிடம் இப்படிப்பட்ட ஊசி போட்டுக்கொண்ட பலருக்குத் தோல் பாதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. ஆக்குவாலிக்ஸ், லிப்போ லேப், கேபெலின் போன்ற பெயர்களில் விற்கும் ஊசிகளுக்குத் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும், அனுமதியற்ற ஊசிகளால் நிரந்தரத் தழும்பு, கடுமையான கிருமித் தொற்று, தோல் உருக்குலைவு ஏற்பட்டிருப்பதாகவும் அது சொன்னது.

நம் நாட்டிலும் ஒரு துயரம் நடந்தது. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் இறந்து போனார். அவருக்குச் செய்தது ஊசி அல்ல, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. ஆனால் பாடம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை அழகு நிலையத்தில் செய்யக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் முகம் கழுவிவிடவும், புருவம் திருத்தவும், முடி அலங்காரம் செய்யவும் அழகு நிலையத்திற்குத் தடையில்லை. அழகுக்கான ஊசி போடுவது மருத்துவம். அதைப் பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். அந்த டாக்டரும் அழகியல் மருத்துவத்துக்கென்று சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. என்னும் தனி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாத கிளினிக் நடத்தும் தனிநபருக்கு, 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள். இந்நாட்டில் பதிவான மருந்தில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண்ணும், மினுங்கும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். "இது மருந்து இல்லீங்க, காஸ்மெட்டிக்தான்" என்று சொல்லி ஊசியை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். காஸ்மெட்டிக் என்பது உடம்பின் மேலே பூசுவது. தோலுக்குள் குத்தும் எதுவும் காஸ்மெட்டிக் ஆகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள்.

1. ஊசி போடப் போவது யார்? அவர் டாக்டரா? இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் எல்.சி.பி.யும் எங்கே?

2. மருந்தின் பெயர் என்ன? சீல் உடையாத பெட்டியை என் முன்னால் திறப்பீர்களா? எம்.ஏ.எல். எண் எங்கே?

3. என் தாடைக்கடியில் இருப்பது கொழுப்புதானா? தைராய்டு கழலையும், நெரிகட்டிய வீக்கமும்கூட அங்கே சதை போலத் தெரியலாம். கையால் தடவிப் பார்க்காமலே ஊசியை எடுப்பவர் டாக்டர் அல்ல.

4. ஏதாவது கோளாறு நேர்ந்தால் இரவில் யாரை அழைப்பது?

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், விழுங்கச் சிரமப்படுபவர்களும், அந்த இடத்தில் புண் உள்ளவர்களும் தங்கள் நிலையை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு

மூச்சுத் திணறினாலோ, விழுங்க முடியாமற் போனாலோ 999-ஐ அழையுங்கள், அல்லது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். தோல் வெளுத்தோ கறுத்தோ போனால், சிரிப்பு கோணினால், காய்ச்சல் அடித்தால், வாரக்கணக்கில் கழித்துக் கட்டி கிளம்பினால், நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். கட்டியை நீங்களே பிதுக்காதீர்கள். ஊசி போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக் குப்பி, பெட்டி, ரசீது, போட்டவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மாநில சுகாதார இலாகாவில் புகார் கொடுக்க அவை உதவும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் சீழ் வைக்கும்வரை துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிகிறார்கள்.

உண்மையான கொழுப்புக் கணக்கு

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசிய இந்தியர்களில் 100க்கு 31 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. எல்லா இனத்திலும் நாம்தான் முன்னால் நின்றோம். ஆகவே அளக்க வேண்டியது தாடையை அல்ல, இடுப்பை. ஒரு தையல் அளவு நாடா போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால் அரசாங்க கிளினிக்கிற்குப் போய் இரத்தத்தையும் அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரே ஒரு ரிங்கிட்.

தோட்டத்தில் இருந்தபோது விடியற்காலையிலிருந்து மலையேறி இறங்கினோம். அந்த நடை போய்விட்டது, சோற்று அளவு மட்டும் குறையவில்லை. கெட்டிப்பால் ஊற்றிய தேயையும் மைலோவையும் ஒரு வேளைக்குக் குறைத்து, இராத்திரிச் சோற்றில் ஒரு கை எடுத்துவிட்டு, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், அந்தப் பலன் எந்த ஊசியிலும் வராது.

அந்த அம்மாவிடம் முடிவாகச் சொன்னது இதுதான்: "பொண்ணை முதல்ல கிளினிக்கிற்கு அழைச்சிட்டுப் போயி, கழுத்தை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. கொழுப்புதான்னு தெரிஞ்சு, அப்புறமும் ஆசைப்பட்டா, சான்றிதழ் உள்ள டாக்டர்கிட்ட நிதானமா, கல்யாணம் முடிஞ்ச பிறகு கேட்டுக்கலாம். வீங்கின முகத்தோட மணவறையில உட்கார வேணாமே."

அவர் சிரித்துவிட்டு, "கை பழகாதவன்கிட்ட மரத்தையே கொடுக்க மாட்டோம், பிள்ளை முகத்தையா கொடுக்கப் போறேன்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டால் போதும்.