காஜாங்கில் ஒரு பகுதி நேர வேலை: கூரை கற்றுத் தந்த பாடம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் பார்த்த பகுதி நேர வேலையைப் பற்றிச் சொன்னால் இன்றும் பலர் சிரிப்பார்கள். "கட்டடத்துக்குள் எவ்வளவு வெயில் வரலாம் என்று சட்டம் இருக்கிறதா? அதைப் போனில் கேட்கிறவர்களும் இருக்கிறார்களா?" என்பார்கள். இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லித்தான் ஒரு வருடம் என் கைச்செலவை நான் பார்த்துக்கொண்டேன்.

அது 2014-ஆம் ஆண்டு. காஜாங் இடைத்தேர்தல் பரபரப்பு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எம்.ஆர்.டி. தூண்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்ததால் ஊருக்குள் எந்நேரமும் வாகன நெரிசல். யுனிதென், பாங்கி யூ.கே.எம். என்று சுற்றுவட்டாரத்தில் மாணவர்களுக்குக் குறைவில்லை. தோழிகள் சாத்தே கடையிலும் துணிக்கடையிலும் வேலை தேடிக்கொண்டார்கள். கடன் தொகை வாடகைக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போய்விட, எனக்கும் ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. கடைவீட்டின் மாடியில் இயங்கிய ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில், மணிக்கு 8 வெள்ளி சம்பளத்தில் சேர்ந்தேன். கட்டடக் கலைஞர்கள், வரைபடம் வரைபவர்கள், குத்தகையாளர்கள் போனிலும் மின்னஞ்சலிலும் கேட்கும் எரிசக்தி விதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் வேலை.

என்ன சட்டம் அது?

நம் நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலை. குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்த வழிகாட்டும் நூல். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் உலகம் இதில் விழித்துக்கொண்டது. அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு 1975-இல் தன் தரநிலையை வெளியிட்டது. சிங்கப்பூர் 1979-இல் விதி கொண்டு வந்தது. மலேசியாவில் 1989-இல் வழிகாட்டி வந்து, 2001-இல் அது எம்.எஸ். 1525 ஆனது. பிறகு 2007, 2014, 2019 என்று திருத்தப்பட்டது.

தரநிலை என்பது வெறும் வழிகாட்டிதான். அதற்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது யூ.பி.பி.எல். எனப்படும் 1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டம். 2012-இல் வந்த திருத்தம் அதில் 38ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் நம் சிலாங்கூரும் ஒன்று. அதனால்தான் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை.

"கார் நிறுத்துமிடத்தையும் 4,000 சதுர மீட்டரில் சேர்க்க வேண்டுமா?" என்பது வாரத்துக்கு மூன்று முறை வரும் கேள்வி. குளிர்சாதன வசதி உள்ள பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பதில். "ஏர்கோனை எத்தனை டிகிரியில் வைப்பது?" என்று கேட்பார்கள். முன்பு 23 முதல் 26 டிகிரி வரை என்றிருந்தது, 2014 திருத்தத்தில் 24 முதல் 26 ஆகியிருந்தது. 18-இல் வைத்துக் குளிரில் நடுங்கியபடி வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது.

கிழக்கா, மேற்கா?

எனக்கு மிகவும் பிடித்தது திசைக் கேள்விதான். "மேற்கு வெயில் கொளுத்தும், அந்தப் பக்கம் கண்ணாடியைக் குறைத்துவிட்டேன். கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போடலாம் இல்லையா?" என்று பலர் கேட்பார்கள்.

சுவரும் சன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்தை ஓ.டி.டி.வி. என்ற எண்ணால் அளக்கிறோம். கட்டடம் முழுவதற்கும் சராசரியாக அது ஒரு சதுர மீட்டருக்கு 50 வாட்டைத் தாண்டக்கூடாது. கணக்குப் போடும்போது ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. மேற்குக்கு 0.94. கிழக்குக்கு 1.23. பாதிச் சுவர் சாதாரணக் கண்ணாடியாக இருந்தால், நிழல் குணகம் 0.8 என்று வைத்துக்கொண்டு, வெயில் மட்டும் மேற்கில் சுமார் 73 வாட்டைக் கொண்டுவரும். அதே கண்ணாடி கிழக்கில் 95 வாட்டைக் கொண்டுவரும்.

முதல் முறை பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். எங்கள் மேலாளர் சன்னலைக் காட்டினார். "கிள்ளான் பள்ளத்தாக்கில் காலையில் வானம் எப்படி இருக்கும்? மத்தியானம் மூன்று மணிக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். காலையில் வெயில் தடையில்லாமல் அடிக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு இடி மழை வந்துவிடும். மேற்கு வெயில் நமக்குக் கொடுமையாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குள் காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடேறியிருப்பதுதான். நம் பாட்டிமார் காலை வெயிலில் வடகம் காயவைத்ததன் கணக்கும் இதுதானோ என்று அன்று தோன்றியது.

இந்த விதிகள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பாங்கியில் 2007-இல் முடிந்த பசுமை எரிசக்தி அலுவலகம் அவற்றில் ஒன்று. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இன்னொன்று. தலைகீழ்ப் பிரமிடு போல அதன் சுவர்கள் மேலிருந்து கீழே உட்புறமாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே உள்ள மாடிக்குக் குடை பிடிக்கிறது.

நான் சொன்ன தவறான பதில்

இப்போது சொல்லப்போவதை இதுவரை அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கிள்ளானுக்கு, வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. பேசியவர் தமிழர், சிறு குத்தகையாளர்.

"தங்கச்சி, செமினியில ஒரு தரை வீடு கட்டுறேன். தகரக் கூரை. கூரைக்கு அடியில பஞ்சு போடணும்னு பிளான் வரைஞ்சவர் சொல்றாரு. அது கட்டாயமா?"

"வீட்டுக்கெல்லாம் இல்லை அங்கிள். 4,000 சதுர மீட்டருக்கு மேலே ஏர்கோன் போட்ட கட்டடத்துக்குத்தான்."

"அப்பாடா, காசு மிச்சம்" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வேறொரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத 38ஏ பிரிவைத் திறந்தேன். 4,000 சதுர மீட்டர் என்பது முதல் உட்பிரிவு. எனக்கு மனப்பாடமாக இருந்தது அது மட்டும்தான். இரண்டாவது உட்பிரிவு கூரையைப் பற்றியது. எல்லாக் கட்டடங்களின் கூரைக்கும் அது பொருந்தும், குடியிருப்பு உட்பட என்று தெளிவாக எழுதியிருந்தது. சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள கூரையின் யூ மதிப்பு 0.4-ஐத் தாண்டக்கூடாது. கனமான கூரைக்கு அது 0.6. வேறு வகையில் நிழலோ குளிர்ச்சியோ தந்தால் மட்டுமே விலக்கு.

கை கால் சில்லிட்டுவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்பவே கூப்பிடு. தாமதித்தால் அவருக்குத்தான் செலவு கூடும்" என்று போனை என் பக்கம் நகர்த்தினார்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கூரை திங்கட்கிழமையே போட்டாச்சும்மா" என்றார். பிறகு, "வீடு யாருக்குன்னு தெரியுமா? என் அக்காவுக்கு. முப்பது வருஷம் தோட்டத்தில மரம் வெட்டுனவங்க. அவங்க சேமிப்பு முழுக்க அங்கதான் இருக்கு."

சனிக்கிழமை மதியம் மேலாளருடன் செமினிக்குப் போனேன். தகரத்துக்கு அடியில் நின்றபோது அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. அந்த அம்மா எங்களுக்குத் தே கலக்கிக் கொடுத்தார். நான் யார் என்பது அவருக்குத் தெரியாது.

90 சதுர மீட்டர் கூரை. வெயிலில் தகரம் 60 டிகிரி, வீட்டுக்குள் 30 என்று வைத்துக்கொள்வோம். யூ மதிப்பு 2 என்றால் கூரை வழியாக 5,400 வாட் வெப்பம் இறங்கும். மதியம் முழுவதும் ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை மேலே சூடாக்கி வைத்த மாதிரி. 0.4 என்றால் 1,080 வாட், ஒரே ஒரு பெட்டி. என் ஒரு நிமிடப் பதில் அந்த அம்மா தலைக்கு மேல் நான்கு பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தது.

நல்லவேளையாக உட்கூரைப் பலகை இன்னும் அடிக்கவில்லை. கூரையைப் பிரிக்காமல், பலகைக்கு மேலே 100 மில்லிமீட்டர் கனத்தில் பாறைப் பஞ்சு விரிக்கலாம் என்று மேலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 0.4-க்குள் வந்துவிட்டது. வேலை இரண்டு நாள் தள்ளிப்போனது. கூலியில் ஒரு பங்கை நான் தருகிறேன் என்று உறையை நீட்டினேன். அங்கிள் வாங்கவில்லை.

"காசு வேணாம்மா. இனிமே எவன் கேட்டாலும் முழுசாப் படிச்சிட்டுச் சொல்லு. நாங்க உங்க வார்த்தைய நம்பித்தான் ஆணி அடிக்கிறோம்."

அதன் பிறகு என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். யார், என்ன கேட்டார், எந்தப் பிரிவைப் பார்த்துப் பதில் சொன்னேன் என்று ஒவ்வொன்றையும் எழுதினேன். தெரியாததற்கு, "பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லப் பழகினேன். அப்படிச் சொன்னதற்காக ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

வீடு கட்டுபவர்களுக்கு

இன்று இதுவே என் முழுநேரத் தொழில். 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தி செயல்திறன், சேமிப்புச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது சுமார் 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான எரிசக்தியைப் பயன்படுத்துவோரும், 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களும் அதில் வருகின்றன. இந்தத் துறையில் ஆள் தேவை கூடிக்கொண்டே போகிறது. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடுகளுக்கென்று எம்.எஸ். 2680 என்ற தரநிலை 2017-இல் வந்தது. அது கட்டாயமில்லை. ஆனால் வீடு கட்டுபவர்களும் கூரை மாற்றுபவர்களும் சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். விலைப்பட்டியலில் கூரையின் யூ மதிப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளித்தாள் மட்டும் போதுமா, பஞ்சு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அறையின் தரைப் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியாவது காற்று வரத் திறக்க வேண்டும் என்பது பழைய துணைச் சட்டத்திலேயே உள்ளது. புதுப்பிக்கும்போது பலர் அதை அடைத்துவிட்டு ஏர்கோன் மாட்டுகிறார்கள்.

பகுதி நேர வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சாத்தே கடையில் நின்றாலும் சரி, போனில் பதில் சொன்னாலும் சரி, எந்த வேலையும் மட்டமில்லை. முடிந்தால் படிப்புக்குப் பக்கத்தில் ஒரு வேலையைப் பாருங்கள். தவறு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த வீட்டில் அதற்குள் உட்கூரைப் பலகை அடித்திருந்தால், அதையும் பிரிக்கும் செலவு ஒரு தோட்டத் தொழிலாளியின் சேமிப்பிலிருந்துதான் போயிருக்கும்.

குடிபுகும் நாளில் அங்கிள் என்னையும் அழைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த அம்மா நடு அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். காற்றாடி மட்டும்தான் சுற்றியது. வெளியே நல்ல வெயில். அவர் தூங்கிவிட்டார்.