பயிர்காவல் துவக்கின் முன்குறியைச் சரிசெய்தல்

காட்டுப்பன்றி ஓரிரவு வயலுள் இறங்குமாயின் குடலைப் பருவத்து நெல்லை மிதித்துச் சாய்ப்பதோடு, அயலிலுள்ள வற்றாளை, மரவள்ளிப் பாத்திகளையும் உழுது புரட்டிவிடும். பயிரைக் காக்கும்பொருட்டு அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் கமக்காரருட் சிலர், குறிபார்த்த இடத்திற் சன்னம் படுவதில்லை என முறையிடுவதுண்டு. துவக்குப் பழையதாயின் குழலையும், மலிவானதாயின் அதைச் செய்தவனையும் பழிப்பர். ஆனாற் குற்றம் பலவேளைகளிற் குழலிலன்று, கன்னம் பிடங்கிற் பொருந்தும் முறையிலேயே உள்ளது.

இது சிறு காரியமன்று. தவறிய சன்னம் வரம்போடு நின்றுவிடாது. அப்பால் அயலவரின் காவற்கொட்டில் இருக்கக்கூடும். காயப்பட்ட பன்றியோ பற்றைக்குள் ஒதுங்கி, விடிந்தபின் புல்லறுக்கச் செல்பவர்மீது பாயும்.

இராணுவத் துப்பாக்கியில் முன்குறி, பின்குறி என இரண்டு உண்டு. பிரித்தானியரின் பழைய லீ-என்பீல்ட் துப்பாக்கியில் முன்குறித் தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். உயரம் வேறுபட்ட தகடுகளை மாற்றியும் பொருத்தலாம். கமக்காரரின் ஒற்றைக்குழற் சன்னத் துவக்கிலோ குழல்வாயில் ஒரு பித்தளை மணி மாத்திரமே உண்டு. ஆகவே சுடுபவரின் கண்ணே பின்குறியாகின்றது. கண் இடம் மாறினாற் குறியும் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிடலாம். கண்ணுக்கும் மணிக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 1 மீற்றர் எனக் கொள்க. 40 மீற்றருக்கு அப்பால் அது 40 மடங்காகும். மணி 1 மில்லிமீற்றர் விலகியிருப்பின் சன்னம் 4 சென்ரிமீற்றர் விலகும். கன்னத்தைப் பிடங்கில் அழுத்தாமற் கண்ணை 5 மில்லிமீற்றர் உயர்த்திப் பார்ப்பின் சன்னம் 20 சென்ரிமீற்றர் மேலே செல்லும். பன்றி தப்புவதற்கு அது போதும்.

சோதித்தறியும் முறை வருமாறு: சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உயர்ந்த மண்மேட்டின் முன்னே 120 சென்ரிமீற்றர் சதுரமான தாளைக் கட்டி நடுவிற் கரும்புள்ளி இடுக. மேட்டின் பின்னும் பக்கங்களிலும் ஆளோ மாடோ இல்லையென நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். கட்டையின் முன்புறத்தை மணல்மூட்டையில் வைத்து, குழல் எதிலும் முட்டாதவாறு, காவலுக்குப் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவால் மூன்று வெடி வைக்க. ஒவ்வொரு வெடிக்கும் சன்னக் கூட்டத்தின் நடுவைக் குறித்துக்கொள்க. தோட்டாவின் விலையை எண்ணி ஒரு வெடியோடு நிறுத்துவோர் உளர். ஒரு வெடி எதையும் நிரூபிக்காது. மூன்று நடுக்களும் சிதறியிருப்பின் மணியைத் தொடவேண்டா. கன்னத்தை ஒரேயிடத்தில் வைத்துப் பழகுதலே மருந்து.

மூன்றும் ஒரே பக்கத்தில் விழுமாயின் திருத்தம் தேவை. சன்னம் எப்பக்கம் விழுகின்றதோ அப்பக்கமே முன்மணி நகர வேண்டும் என்பது விதி. வலப்புறம் விழுந்தால் மணி வலப்புறம். மேலே விழுந்தால் உயர்ந்த மணி. இது பலருக்கு நேர்மாறாகத் தோன்றும். பின்குறியைத் திருத்தும் விதியோடு மயங்குவதே காரணம். சன்னம் தாழ்ந்து விழுமாயின் மணியை அராவுதற்குமுன், கன்னம் படியும் இடத்தில் மெல்லிய தோற்பட்டை ஒன்றைச் சுற்றிப் பார்க்க. கண் உயர, சன்னமும் உயரும். பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம், அராவிய பித்தளை மீண்டும் வளராது.

மணியைச் சுத்தியலால் தட்டுதலும், குழல்வாயிற் புதுத்துளை இடுதலும், சூடேற்றி ஒட்டுதலும் ஆகா. குழல்வாய் சிறிது நெளிந்தாலும் வெடிக்கும்போது பிளக்கக்கூடும். அவ்வேலைக்குத் துவக்குத் திருத்துபவரை நாடுக.

இரவில் மணி தெரியும்படி வெள்ளைப் பூச்சு இடுவதுண்டு. மெல்லியதாய்ப் பூசினால் நன்று. தடித்த பூச்சு மணியை உயர்த்திச் சன்னத்தைத் தாழ்த்தும். எத்திருத்தம் செய்யினும் புதுத்தாள் கட்டி மீண்டும் மூன்று வெடி வைத்துப் பார்த்து, தூரத்தையும் தோட்டாவின் வகையையும் அத்தாளிலேயே எழுதி வைத்துக்கொள்க.